செவ்வாய்க்கிழமைப் பொருத்தம்

போன மாதம் என் பழைய டிபார்ட்மென்டிலிருந்து இரண்டு பெண்கள் குன்றத்தூரில் என் வீடு தேடி வந்தார்கள். கையில் ஆப்பிள், முகத்தில் மரியாதை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

வந்த விஷயம் வேறு. ஆஸ்பத்திரிக்குப் புது மாமோகிராம் மெஷின் வந்திருக்கிறது. மார்பகத்தைப் படம் எடுத்த கையோடு, சந்தேகமான இடத்தைச் சுற்றி அதுவே ஒரு கட்டம் போட்டுக் காட்டிவிடுகிறதாம்.

“அந்தக் காலத்துல கட்டமெல்லாம் இல்லாம எப்பிடிக்கா கண்டுபுடிச்சீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்க. புதுசா வர்ற பசங்களுக்கு யூஸ் ஆவும்,” என்றாள் மூத்தவள்.

அவள் சொல்லும் அந்தக் காலம் இரண்டு வருடத்துக்கு முந்தியது. பெண்களை மெஷினின் தகடுகளுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துப் பிடித்தே தேய்ந்த என் வலது தோள், ஒரு நாள் காலையில் மேலே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டது. வயது வந்து ஓய்வு பெறுபவர்கள் உண்டு. எனக்குத் தோள் வாங்கிக்கொடுத்த ஓய்வு. ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு வந்தவள், வாங்கி அடுக்கிய நாவல்களையெல்லாம் படித்துத் தீர்த்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே, டிபன் பாக்ஸ் மறைவில் திருட்டுத்தனமாகப் பத்துப் பக்கம் படித்தபோது இருந்த ருசி, நாள் முழுக்க சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும்போது இல்லை. நாவல்கள் அப்படியேதான் இருக்கின்றன. நான்தான் கெட்டுப்போயிருக்கிறேன்.

எழுதித் தருகிறேன் என்றேன். கட்டத்தின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. நல்ல மெஷின். என் காலத்தில் இருந்திருந்தால் நானும் சந்தோஷமாக நம்பியிருப்பேன். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் எனக்குப் படங்கள் ஞாபகம் வருவதில்லை. அந்த இருட்டு அறையும், பக்கத்து நாற்காலியில் இருந்த ஆளும்தான் வருகிறார்கள்.

நான் படித்தது எக்ஸ்ரே டிப்ளமா. டாக்டருக்கு மார்க் பற்றவில்லை, டீச்சருக்குப் பொறுமை பற்றவில்லை, மிச்சமிருந்தது இதுதான். படிப்பு முடிந்து பத்து வருடம் சென்னையில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் “மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க” என்ற மூன்று வசனங்களைப் பேசிக் காலம் தள்ளினேன். இவ்வளவு குறைந்த வசனத்துக்கு நாடகத்தில்கூட ஆள் வைக்கமாட்டார்கள். பிறகு ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. கம்பெனிகளுக்குப் பின்னால் ஹாஸ்டல்கள், ஹாஸ்டல்களுக்குப் பின்னால் பிரியாணிக் கடைகள், அதற்கும் பின்னால் ஸ்ரீபெரும்புதூர் போகிற ரோட்டில் எங்கள் ஆஸ்பத்திரி. அங்கே மாமோகிராம் அறைக்கு ஒரு பெண் டெக்னீஷியன் வேண்டும் என்றார்கள். போனேன்.

அறையின் தலைவி டாக்டர் எஸ்தர். நாகர்கோவில்காரர். ஒல்லி உருவம், பெரிய கண்ணாடி, எந்த அவசரத்திலும் உயராத குரல். முதல் நாள் என் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ மாமோகிராம் எடுத்துருக்கியா?”

“ட்ரெய்னிங்ல நிறைய பேருக்கு எடுத்துருக்கேன் டாக்டர்.”

“அதைக் கேக்கல. உனக்கு எடுத்துருக்கியா?”

இல்லை என்றேன். கவுனை எடுத்து நீட்டினார். அன்று அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே என்னை நிறுத்தி, மேல்தகட்டை மார்பு நசுங்க அவரே இறக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். உலகில் உள்ள எல்லா டெக்னீஷியன்களையும் மனதுக்குள் வைதேன். நானும் ஒருத்தி என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

“வலிச்சுதா?”

“கொஞ்சம்.”

“பொய் சொல்லாதே. இனிமே யார்கிட்டயும் ‘வலிக்காது’ன்னு சொல்லமாட்ட, கேட்டியா? வலிக்கும், சட்டுன்னு முடிஞ்சிரும்னு சொல்லு. அதுதான் உண்மை.”

அதுதான் அவருடைய பாணி. “பயப்படாதீங்க” என்ற சொல்லை அந்த அறையில் அவர் அனுமதித்ததில்லை. பயப்படாதே என்று சொன்னால்தான் ஆள் பயப்படுகிறது என்பார். அதற்குப் பதில், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்வார். இப்போது ஸ்கேனுக்கு ஜெல் வைப்பேன், பிசுபிசுவென்று இருக்கும். இப்போது அழுத்துவேன். இப்போது கொஞ்ச நேரம் பேசமாட்டேன், படத்தைப் பார்க்கிறேன், பேசாததற்கு வேறு அர்த்தம் இல்லை. கடைசியில் சொன்னதை எத்தனை டாக்டர்கள் சொல்கிறார்கள்? ஸ்கேன் படுக்கையில் கிடப்பவர்கள் டாக்டரின் மௌனத்தைத்தான் படிக்கிறார்கள். திரையை அல்ல.

அங்கே நான் கற்ற முதல் பாடம் பவுடர். எங்கள் பக்கத்துப் பெண்கள் டாக்டரைப் பார்க்கப் போவதென்றால் குளித்து, பூ வைத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை பவுடர் அப்பிக்கொண்டு வருவார்கள். மரியாதை அது. மாமோகிராமில் அந்தப் பவுடர் வெள்ளைப் புள்ளிகளாக விழும். புற்றின் ஆரம்பத்தில் சுண்ணாம்புத் துகள்கள் விழுவதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வந்த புதிதில் ஒரு படத்தைப் பார்த்து, புற்றேதான் என்று டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் எஸ்தர் திரையை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். “சுமதி, ஈரத்துணியை எடுத்துத் துடைச்சுட்டு மறுபடி எடு. இது நோய் இல்ல, மல்லிகை வாசனை.” அன்றிலிருந்து வாசலிலேயே ஈரத்துண்டோடு நின்றேன். அழகு கலைப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய பெண் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருக்கும்.

அபூர்வமானவை அவ்வப்போது வரும். ஒருமுறை ஒரு தம்பதி வந்தார்கள். நான் மனைவியிடம் கவுனை நீட்டினேன். “எனக்கில்ல சிஸ்டர், இவருக்கு,” என்றார் அந்த அம்மாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர். மார்புக் காம்புக்குப் பின்னால் ஒரு சிறு கல் போலக் கட்டி. பெண்கள் மட்டும் உட்காரும் வராந்தாவில், மார்பகப் புற்றுநோய் பற்றிய ரோஜா நிறப் போஸ்டருக்குக் கீழே, தினசரியை விரித்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினசரி தலைகீழாக இருந்தது. ஆண்களுக்கும் இது வரும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் நம்புவதில்லை. அன்றிலிருந்து ஆண் நோயாளி வந்தால் பின்வாசல் வழியாக அழைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை டாக்டர் செய்தார். நோயைக் கண்டுபிடிப்பதைவிட, ஆளைக் கண்டுபிடிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது சில சமயம் முக்கியம்.

இன்னொரு முறை ஒரு வயதான அம்மாளின் கட்டி வந்தது. வழுவழுவென்று, உருண்டையாக, நல்ல குடும்பத்துப் பிள்ளை போல ஸ்கேனில் உட்கார்ந்திருந்தது. சாதாரணக் கட்டி என்று நானே மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். அவ்வளவு வயதான அம்மாளுக்குப் புதிதாகச் சாதாரணக் கட்டி எதற்கு முளைக்க வேண்டும் என்று கேட்டார் டாக்டர். ஊசி போட்டுத் துண்டு எடுத்தோம். சளிபோன்ற பசைக்குள் மிதக்கிற, அரிய வகைப் புற்று. நல்ல பிள்ளைகளை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை.

துண்டு எடுத்த கேஸ்களுக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு சடங்கு இருந்தது. நாங்கள் அதைப் பொருத்தம் பார்ப்பது என்போம்; பெயர் வைத்தது டாக்டர்தான். ஜாதகமே இல்லாத கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அந்தச் சொல்லில் அப்படியொரு ஆசை. ஒரு திரையில் நாங்கள் எடுத்த படம். பக்கத்தில், ஊசியில் எடுத்த துண்டைச் சென்னையில் சோதித்து அனுப்பிய பயாப்ஸி ரிப்போர்ட். படத்தைக் காட்டி, “சுமதி, என்ன பாக்குற?” என்று கேட்பார். நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஓரம் தெளிவா, கலங்கலா, வடிவம் என்ன, ரத்த ஓட்டம் உண்டா. பிறகு ரிப்போர்ட்டை வாசிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் கேஸ் முடிந்தது. படம் ஒன்று சொல்லி, துண்டு வேறொன்று சொன்னால், கையெழுத்துப் போடமாட்டார். துண்டு தப்பான இடத்திலிருந்து வந்திருக்கலாம். மறுபடி எடுக்க வேண்டும்.

இனி மாரிச்செல்விக்கு வருகிறேன். உண்மையில் இதை எழுத ஒத்துக்கொண்டதே அவளுக்காகத்தான்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இருபத்து நாலு வயது. கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்கிற கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்றாள். இடது மார்பில், வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு நாவல்பழக் கறை போல ஒரு நீலம். ட்ராலி இடித்துவிட்டதாம். கம்பெனி முதலுதவி அறையில் வீக்கத்துக்கு ஒரு களிம்பு கொடுத்திருந்தார்கள். இந்த வட்டாரத்தில் இடித்துக்கொள்ளாத உடம்பு கிடையாது. ரத்தக்கட்டு என்றால் யாரும் இரண்டாவது தரம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

“எப்ப இடிச்சுது?” என்று கேட்டார் டாக்டர்.

“ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்.”

“நடுவுல பச்சையாச்சா? மஞ்சளாச்சா?”

“இல்ல. இப்படியேதான் கெடக்கு. லேசாப் பெருசான மாதிரி இருக்கு.”

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரத்தக்கட்டு நிறம் மாறும். ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மறைந்துவிடும். இது மாறாமல் நின்றுகொண்டிருந்தது.

மாமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை. அந்த வயதில் மார்பு முழுக்க வெள்ளையாக விழும். மார்கழிக் காலையில் பைபாஸ் ரோட்டைப் பார்ப்பது போல. ஸ்கேனில் ஏதோ இருந்தது, ஆனால் அதற்கு ஓரமே இல்லை. கட்டி என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கொஞ்சம் வெளுப்பு, கொஞ்சம் கறுப்பு, குழம்பிக் கிடந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் வண்ணத்தைத் தட்டினார் டாக்டர். திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் பற்றிக்கொண்டன. ஊசி போட்டோம். நடுவில் குத்தியதும் ரத்தம் பீறிட்டது. அதனால் ஓரமாகச் சில துண்டுகள் எடுத்து அனுப்பினோம்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி, புற்று இல்லை. மாரிச்செல்வி கவுன்டரிலேயே வாங்கிக்கொண்டு, எங்கள் அறைக் கதவைத் தள்ளி, என் கையில் ஊர்க் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட்டைத் திணித்துவிட்டு, “செகண்ட் ஷிஃப்ட்டு பஸ்சு போயிரும்க்கா” என்று ஓடிவிட்டாள்.

மறுநாள் பொருத்தம் பார்க்கும்போது என் வாயில் அந்தக் கடலைமிட்டாய்தான் இருந்தது.

“என்ன பாக்குற?”

சொன்னேன். ஓரம் இல்லை. உள்ளங்கை அளவு. ரத்த ஓட்டம் ஏராளம்.

டாக்டர் ரிப்போர்ட்டை வாசித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். “சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி இத்தனை பெருசா வராது சுமதி. வந்தாலும் ஓரம் இருக்கும். பொருந்தல.” கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “லேப் மேல தப்பு இல்ல. நான் குடுத்த துண்டைத்தானே அவங்க பாக்க முடியும். நான் தப்பான இடத்துல குத்திருக்கேன். அவளைக் கூப்பிடு.”

கூப்பிட்டேன். லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட வேண்டும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது. “ரிப்போர்ட் நல்லாருக்குன்னு போட்ருக்கே அக்கா.” அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இரண்டு நாள் பொறுத்து டாக்டர் சொன்னார். “நீ நேர்ல போ. நான் தப்பா குத்திட்டேன்னு சொன்னேன்னு சொல்லு. வேற ஒண்ணும் சேர்க்காதே.”

ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து வல்லக்கோட்டைப் பக்கம் அவள் ஹாஸ்டலைத் தேடிப் போனேன். கேட்டில் ஹாஸ்டல் நடத்துகிற அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“யாரு வோணும்?”

“மாரிச்செல்வி. கண்ணாடிக் கம்பெனி.”

“நீ இன்னா, இன்சூரன்ஸா?”

“இல்லம்மா, ஆஸ்பத்திரி.”

“ஆஸ்பத்திரிலேந்து வூட்டுக்கே வந்து இட்டுகினு போறாங்களா இப்ப? இன்னா, பேஷன்ட் கெடைக்கலயா?”

என் தொழிலை யாரும் இவ்வளவு சுருக்கமாக மதிப்பிட்டதில்லை.

“பொண்ணுக்கு இன்னா? எதுனா வேற மாதிரி மேட்டரா? எங்கைல சொல்லு. ரெண்டு மாடி நெறைய பொண்ணுங்கள வச்சிகினு கீறேன்.”

“அய்யோ, அதெல்லாம் இல்ல. ஒரு படம் சரியா விழல. மறுபடி எடுக்கணும்.”

“உன் மெஷின் ரிப்பேருன்னா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? போ போ, மொட்டமாடில துணி காயப்போட்டுகினு கீது.”

மாரிச்செல்வி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த யூனிஃபார்மைக் கொடியில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, நீங்களா? இம்புட்டுத் தூரமா?”

“போனை எடுக்கமாட்டேங்குறியே.”

“ஆஸ்பத்திரி நம்பரப் பாத்தாலே நெஞ்சு அடிக்குக்கா. நல்லாருக்குன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்துட்டு, பெறவு என்னத்துக்குக் கூப்புடுதீக?”

நான் படித்தவள் அல்லவா, உவமையை அவிழ்த்தேன். “ஒரு அண்டா சாம்பார்ல ஓரமா கரண்டி விட்டு எடுக்கற. காய் வரல. உடனே சாம்பார்ல காயே இல்லன்னு சொல்லிடுவியா?”

“எங்க கேன்டீன் சாம்பார்ல எங்குட்டு விட்டாலும் காய் வராதுக்கா.”

உவமையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“அடுத்த மாசம் என்னைய குவாலிட்டி செக்கிங்குக்கு மாத்துதாக. உக்காந்து பாக்குற வேல. இப்பப் போயி லீவக் கேட்டேன்னா வேற பிள்ளையப் போட்ருவாக. அதான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுல்லா. விட்ருங்களேன்.”

“டாக்டர் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அன்னைக்கு அவங்க தப்பான இடத்துல குத்திட்டாங்களாம்.”

கொடியில் அவள் கை நின்றது.

“அவுகளே சொன்னாகளா?”

“அவங்களேதான்.”

“‘தப்பு எம்மேல’ன்னா சொன்னாக?”

“ஆமா.”

அவள் கீழே ரோட்டில் வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கண்ணாடில கீறல் விழுந்து திரும்பி வந்துச்சுன்னா மொதல்ல எங்களத்தாங்கா கூண்டுல நிறுத்துவாக. மேல இருக்கவுக ஒருத்தர்கூட ‘என் தப்பு’ன்னு சொல்லி நான் கேட்டதில்ல.” பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள். “கேன்சராக்கா?”

பயப்படாதே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் கூப்புடுறோம்,” என்றேன்.

“வாரேன்.”

வந்தாள். ஊசியை அவள் மேல் வைப்பதற்கு முன், டாக்டர் அதன் விசையை ஒருமுறை காற்றில் தட்டிக் காட்டினார். ஸ்டேப்ளர் அடிப்பது போல ‘டக்’ என்று ஒரு சத்தம். சத்தத்துக்குத்தான் உடம்பு தூக்கிப்போடும். முன்கூட்டியே கேட்டுவிட்டால் போடாது. மரத்துப்போக மருந்து. கத்தியால் எள்ளளவு கீறல். இடது கையில் ஸ்கேன் கருவி, வலது கையில் ஊசி, கண் திரையில். நெஞ்சுக்கூட்டுக்கு இணையாக, படுக்கைவசமாக ஊசி நகர்ந்தது. சரியாக நகர்ந்தால் திரையில் அது ஒரு வெள்ளிக் கோடு போலத் தெரியும். இந்த முறை ஓரத்தில் நிற்கவில்லை. வண்ணம் மிகவும் பற்றி எரிந்த இடம்வரை போனார். “இப்ப சத்தம் வரும் மாரிச்செல்வி.” டக். துண்டை நான் மருந்துக் குப்பியில் போட்டேன். வெறும் கொழுப்பு என்றால் துண்டு மிதக்கும். இது மூழ்கியது. அடுத்ததும் மூழ்கியது. கருஞ்சிவப்பாக, கரைந்துவிடும்போல.

எல்லாம் எடுத்து முடித்ததும் ரத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. அங்கேதான் என் உத்தியோகம். மடித்த பஞ்சுத்துணியை வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். விட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, தோள் மரத்துவிட்டது. என் கைக்குக் கீழே அவள் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். சாய்த்துப் பிடித்து ட்யூப்லைட்டைப் பார்க்க வேண்டுமாம். லைட் நேராக விழுந்தால் நல்ல கண்ணாடி, நெளிந்தால் கழித்துவிட வேண்டியதுதானாம். “நெளியுத லைட்டு என் கண்ணுக்கு ஒடனே தெரிஞ்சிரும்க்கா. அதான் மாத்துதாக.”

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் வழக்கமான நாற்காலிகளில் உட்கார்ந்தோம். டாக்டர் ரிப்போர்ட்டை வாசித்தார். ரத்தக்குழாயின் உள்தோலிலிருந்து கிளம்பும் புற்று. மார்பில் வருவது மிக அபூர்வம். வந்தால் இளம்பெண்களுக்கும் வரும், ரத்தக்கட்டு போல வேஷம் போட்டுக்கொண்டு வரும். நல்லவேளையாக வேகம் குறைந்த வகை.

“பொருந்துது,” என்றார்.

அந்த அறையில் ஒரு பொருத்தம் கூடிவந்ததற்காக இருவரும் அப்படித் தலைகுனிந்து உட்கார்ந்தது அன்றுதான்.

மாரிச்செல்வியிடம் டாக்டரே சொன்னார். என்ன நோய், என்ன செய்ய வேண்டும், மார்பு முழுவதையும் எடுத்துவிட வேண்டியிருக்கும், சென்னையில் எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்க்க வேண்டும், எல்லாம் வரிசையாக. எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. அவள் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப ட்ராலி இல்லயா டாக்டர்?”

“இல்லம்மா.”

“ரெண்டு மாசமா அந்த ட்ராலி தள்ளுத பயல நான் வாயில வராத பேச்செல்லாம் பேசிப்புட்டேனே.”

அதற்குத்தான் அழுதாள்.

ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எங்களிடம் வந்தாள். மறு மார்பையும் தழும்பையும் நாங்கள் பார்ப்போம், நுரையீரலைப் பக்கத்து அறையில் படம் எடுப்பார்கள். வரும்போதெல்லாம் முதலில் என் கண்ணாடியைக் கழற்றி ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்து, “இத மாத்துங்கக்கா, நெளியுது,” என்பாள். ஆம், குவாலிட்டி செக்கிங் அவளுக்குத்தான் கிடைத்தது. சில வருடம் அப்படிப் போயிற்று. பிறகு தூத்துக்குடிப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து ஊர்ப்பக்கம் போய்விட்டாள். நம்பரும் மாறிவிட்டது.

எங்கள் தொழிலின் லட்சணம் இது. குணமானவர்கள் எங்களிடம் திரும்பி வரமாட்டார்கள். எதற்கு வர வேண்டும்? குணமாகாதவர்கள் வேறு டிபார்ட்மென்டுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் கடைசி அத்தியாயம் கிழிந்துபோன நூலகப் புத்தகங்கள். அவளுடைய நோயோ, பல வருடம் சும்மா இருந்துவிட்டு நுரையீரலில் தலைகாட்டக்கூடியது. வராமல் இருக்கிறாளே, நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்கும் டாக்டருக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வாக்குவாதம் நடக்கும். நான் நல்லதுக்கு என்பேன். அவர், “படம் பாக்காம நான் எதையும் சொல்லமாட்டேன்,” என்பார்.

என் தோள் மக்கர் பண்ணுவதற்கு ஒரு வருடம் முன்பு அவர் நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். கடைசி நாள் பிரிவுபசாரத்தில் எல்லோரும் பேசினார்கள். அவர் ஏற்புரையாக, “ஜெல் பாட்டிலை வெந்நீர்ல வைக்க மறந்துடாதீங்க, பேஷன்டுக்குச் சில்லுன்னு இருக்கும்,” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். மறு செவ்வாய்க்கிழமை பழக்கதோஷத்தில் இரண்டு நாற்காலிகளையும் இழுத்துப் போட்டுவிட்டேன். புதிதாக வந்த டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர். ரிப்போர்ட்டைத் தன் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்வார். என்னை அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது வீட்டில், மழைநீர் ஊறிய சுவரில் ஈரம் படர்ந்திருப்பதைப் பார்த்தால்கூட, ஓரம் கலங்கல், நடுவில் அடர்த்தி என்று மனம் தானாகச் சொல்லத் தொடங்குகிறது. சொல்வதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, முந்தாநாள் ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன். ஆஸ்பத்திரியில் கேட்டு, என்னைப் பார்க்க வந்த அந்தப் பெண்களிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

“யக்கா, மாரிச்செல்வி பேசுதேன். உசுரோடதான் இருக்கேன்.”

மூன்று வசனம் பேசிப் பிழைத்தவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. அவள்தான் பேசினாள். திருநெல்வேலியில் போன வாரம் முழு ஸ்கேன் எடுத்தாளாம். மார்பு, நுரையீரல், ஈரல் எங்கும் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். “எஸ்தர் டாக்டர்ட்ட சொல்லணும்க்கா. அவுக நம்பரு இல்ல.”

உடனே நாகர்கோவிலுக்குப் போட்டேன்.

“டாக்டர், மாரிச்செல்வி கூப்பிட்டா. ஸ்கேன் எடுத்துருக்கா. ஒண்ணுமே இல்லன்னு ரிப்போர்ட்.”

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. பிறகு பழைய குரல்.

“ரிப்போர்ட் கெடக்கட்டும். படம் எங்க?”

மாரிச்செல்வி ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதை நாகர்கோவிலுக்குத் தள்ளிவிட்டேன். குன்றத்தூரில் நான் போனை மூக்குக்கு அருகே வைத்து உற்றுப் பார்த்தேன். அங்கே அவரும் அப்படித்தான் பார்த்திருப்பார். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

“நல்லாத்தான் இருக்கும்போல. ஆனா போன்ல ஒரு எழவும் தெரியல சுமதி, ஜன்னல் கம்பி விழுந்திருக்கு. அவளை நேர்ல வரச் சொல்லு. நாம ஒரு தரம் பாத்துருவோம்.”

“சரி டாக்டர்,” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

“எந்த ரூமுக்கு வரச் சொல்றது டாக்டர்?”

அந்தப் பக்கம் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்து அடங்கியது.

“அதானே,” என்றார்.

போனை இருவருமே வைக்கவில்லை.